ஏழாவது ஆண்டு ஒன்று தேவை: இந்திய பார்மசி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்திய பார்மசி கவுன்சிலின் தலைவர், உறுப்பினர்கள், கல்விக் குழுவினர், புதுடெல்லி.
நகல்: தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், கிண்டி.

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் மருந்தாளுநர். ஃபார்ம்.டி. என்கிற ஆறு ஆண்டு மருந்தியல் பட்டம் படித்தவன். பாதி நாள் வார்டில் போகும், மீதி நாள் கணினி முன்னால் போகும். பில் போடுகிற கணினி இல்லை. மருத்துவர் மருந்து எழுதும் திரையில் எந்த மருந்து எந்தப் பெயரில் வர வேண்டும், எந்த அளவு முதலில் நிற்க வேண்டும், எந்த இடத்தில் எச்சரிக்கை தலைகாட்ட வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. அமெரிக்காவில் இதை பார்மசி இன்ஃபர்மேடிக்ஸ் என்கிறார்கள். அதற்கென்றே ஓராண்டு ரெசிடென்சி பயிற்சி வைத்திருக்கிறார்கள். உங்கள் விதிமுறைகளில் அப்படி எதுவும் இல்லை. என்னைப் போன்றவர்கள் மென்பொருள் விற்கும் வெண்டர் அனுப்பும் பையனிடம் கேட்டும், சிஸ்டர்களிடம் திட்டு வாங்கியும் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

ஆறு ஆண்டு ஃபார்ம்.டி.க்குப் பிறகு, விருப்பம் உள்ளவர்களுக்கு, மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிற, உதவித்தொகை உள்ள ஓராண்டு ரெசிடென்சியை இந்தத் துறையில் தொடங்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மருந்தாளுநர்களுக்கே சரியாக வேலை இல்லாத நாட்டில் இது என்ன ஆடம்பரம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அதனால் ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2013ஆம் ஆண்டு, சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனை. பெயர் பெற்ற இடம். மருத்துவர் எழுத மென்பொருள், மருந்தை எடுத்துக் கட்ட ரோபோ, படுக்கை அருகே சரிபார்க்க பார்கோடு, எல்லாம் உண்டு. அங்கே சேர்ந்த 16 வயதுப் பையன் ஒருவனுக்கு அவன் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கோ-டிரைமாக்சசோல் எழுத வேண்டும். நம் ஊரில் செப்ட்ரான், பேக்ட்ரிம் என்று கேட்டு வாங்குவார்களே, அதே மருந்து. பையனின் எடை 38.6 கிலோ. கிலோவுக்கு 5 மி.கி. என்று மருத்துவர் எழுத, 193 மி.கி. என்று கணக்கு வந்தது. கையில் இருப்பதோ 160 மி.கி. மாத்திரை. கணக்குக்கும் மாத்திரைக்கும் 5 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவர் மறுபடி எழுத வேண்டும் என்பது அங்கே விதி. மருந்தாளுநர் அதன்படி, 160 மி.கி. என்று மாற்றி எழுதச் சொல்லிச் செய்தி அனுப்பினார். மருத்துவரும் 160 என்று தட்டினார். ஆனால் 40 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எடைக் கணக்கில்தான் எழுத வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. அதனால் பக்கத்துப் பெட்டியில் அலகு 'கிலோவுக்கு மி.கி.' என்றே நின்றது. 160ஐ 38.6ஆல் பெருக்கிய மென்பொருள் 38½ மாத்திரை என்று முடிவு செய்தது.

எச்சரிக்கை வரத்தான் செய்தது. மருத்துவர் அதை மூடிவிட்டு நகர்ந்தார். மருந்தாளுநருக்கும் வந்தது, அவரும் மூடினார். கொஞ்சம் கூடுதலான அளவுக்கும் 39 மடங்கு அளவுக்கும் எச்சரிக்கை ஒரே மாதிரிதான் தோன்றும். ரோபோ பிசகில்லாமல் எண்ணிக் கட்டியது. நர்சுக்கு மட்டும் சந்தேகம் வந்தது, இவ்வளவா என்று. பார்கோடை வைத்துப் பார்த்தார், சரி என்றது. ஆர்டரில் உள்ளதும் கையில் உள்ளதும் பொருந்துகிறதா என்பதை மட்டும்தானே பார்கோடு பார்க்கும்? பையன் அத்தனையையும் விழுங்கினான். வலிப்பு வந்தது. நல்ல வேளை, பிழைத்துக்கொண்டான்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் வழக்கமாக மூன்று பேரில் ஒருவரைக் குற்றவாளி ஆக்குவார்கள். எனக்கு அந்த மூன்று பேர் மேல் பெரிய கோபம் இல்லை. அந்த 5 விழுக்காட்டு வரம்பை வைத்தது யார், 40 கிலோ விதியை வைத்தது யார், இரண்டும் ஒரே நோயாளியிடம் சந்தித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தது யார், எல்லா எச்சரிக்கையும் ஒரே நிறத்தில் வரட்டும் என்று விட்டது யார்? இதெல்லாம் அந்தப் பையன் மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே ஏதோ ஒரு அறையில் முடிவான விஷயங்கள். அந்த அறையில் உட்காருகிறவருக்கு மருந்தும் தெரிய வேண்டும், வார்டும் தெரிய வேண்டும், மென்பொருளின் குணமும் தெரிய வேண்டும். நான் கேட்கும் ரெசிடென்சி அந்த நாற்காலிக்கான பயிற்சி.

மென்பொருள் நல்லதாக இருந்தால் போதாதா என்பார்கள். பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் கணினி வழி மருந்து எழுதுவது தொடங்கிய பிறகு, பிற இடங்களிலிருந்து மாற்றி அனுப்பப்பட்டு வந்த குழந்தைகளிடையே இறப்பு விகிதம் 2.80 விழுக்காட்டிலிருந்து 6.57 ஆக உயர்ந்ததாக 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. குழந்தை வந்து பதிவு ஆகும் வரை ஆர்டர் போட முடியவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மருந்துகள் மைய மருந்தகத்துக்குப் போய்விட்டன. மருத்துவரும் நர்சும் குழந்தையை விட்டுவிட்டுத் திரையோடு மல்லுக்கட்டினார்கள். அடுத்த ஆண்டே சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து இன்னோர் ஆய்வு. அதே நிறுவனத்தின் மென்பொருள்தான், ஆனால் இறப்பு கூடவில்லை. தீவிர சிகிச்சைக்கான ஆர்டர் தொகுப்புகளை, அதாவது ஒரே தட்டில் சேர்த்து எழுதக்கூடிய ஆர்டர்களின் பட்டியல்களை, முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தார்கள். இந்த இரண்டு ஆய்வையும் அடுத்தடுத்துப் படித்தால் எந்த மென்பொருளை வாங்குவது என்கிற டெண்டர் சண்டையில் எனக்கு ஆர்வம் குறைந்துவிடுகிறது. அதை அமைக்கிற ஆள் யார் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் இந்த ஆளை எப்படி உருவாக்குகிறார்கள்? அங்கே மருத்துவமனை மருந்தாளுநர்களின் சங்கமான ஏ.எஸ்.எச்.பி. ரெசிடென்சி பயிற்சிகளுக்கு அங்கீகாரம் தருகிறது. பட்டம் முடித்ததும் முதல் ஆண்டு பொதுப் பயிற்சி, 12 மாதம், பெரும்பாலும் நோயாளிகளோடு. அதை முடித்தால்தான் இரண்டாம் ஆண்டில் சிறப்புத் துறை. பார்மசி இன்ஃபர்மேடிக்ஸ் அதில் ஒன்று, அதுவும் 12 மாதம். இரண்டாம் ஆண்டில் ரெசிடென்ட் ஆர்டர் தொகுப்புகளைக் கட்டுவார், எச்சரிக்கைகளைச் சலித்து வேண்டாததை நீக்குவார், மருந்து அலமாரி இயந்திரங்களையும் சொட்டு மருந்து பம்புகளின் அளவு வரம்புகளையும் பார்த்துக்கொள்வார், கணினி படுத்துவிட்டால் காகிதத்தில் எப்படி ஓட்டுவது என்று எழுதி வைப்பார். ஓர் ஆய்வுத் திட்டமும் முடித்தாக வேண்டும். பெரும்பாலான இடங்களில் வார இறுதியில் மருந்தகத்தில் முறை வேலையும் உண்டு. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது அந்த முறை வேலைதான். தான் கட்டிய திரையில் தானே இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், அடுத்த வாரம் அந்தத் திரையை மாற்றாமல் விடமாட்டார்.

சரி, அதை அப்படியே இங்கே இறக்கிவிடலாமா? கூடாது. அதற்குக் காரணம் நம் வார்டுகளில் இருக்கிறது.

நம் மருத்துவர்கள் 1-0-1 என்று எழுதுகிறார்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. படிக்காத பாட்டிக்கும் புரிகிற முறை, எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான முறை இல்லை. வெளிநாட்டு அச்சில் வார்த்த மென்பொருளில் இதற்கு இடம் இருக்காது. 'நாளைக்கு இரண்டு முறை' என்று மாற்றிக்கொள்ளும். ஆனால் 2-0-1 என்று எழுதினால்? இன்சுலினில் காலைக்கு ஓர் அளவு, இரவுக்கு வேறு அளவு என்று எழுதினால்? மருத்துவர் 'குறிப்பு' பெட்டியில் எழுதிவிட்டுப் போய்விடுவார். குறிப்புப் பெட்டியை மென்பொருள் படிக்காது. கூட்டுத்தொகை, எச்சரிக்கை, இருப்புக் கணக்கு எல்லாமே அந்த இடத்தில் பொய்யாகிவிடும்.

குழந்தைகளுக்கான பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு, சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. தர வேண்டும் என்றால் முதல் சிரப்பில் 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. திரையில் 'பாராசிட்டமால் சிரப் 6 மி.லி.' என்று மட்டும் போய், மருந்தகத்தில் இருந்தது இரண்டாவது சிரப் என்றால் குழந்தைக்கு இரு மடங்கு. சொட்டு மருந்து பாட்டில் என்றால் நான்கு மடங்கு. இதைத் தடுக்க ஒரு மருந்தாளுநரும் ஒரு மென்பொருள்காரரும் அரை நாள் உட்கார்ந்தால் போதும்: மி.கி.யில் எழுதவைத்து, எந்தப் பாட்டிலோ அதற்கேற்ப மி.லி.யைக் கணினியே போடும்படி செய்யலாம். அந்த அரை நாளை ஒதுக்க வேண்டும் என்று தெரிந்த ஆள்தான் இல்லை.

ஒவ்வாமைப் பெட்டி இன்னொரு வேடிக்கை. நான் பார்த்த ஒரு மருத்துவமனையில் அது வெறும் எழுதும் பெட்டி. கத்தரிக்காய், கருவாடு, தூசி என்று என்னென்னவோ இருக்கும்; நடுவில் பென்சிலினும் இருக்கும், ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில். எழுத்தாக இருப்பதால் அமாக்சிசிலின் எழுதும்போது ஒரு மணியும் அடிக்காது. அமாக்சிசிலின் பென்சிலின் வகை என்று மென்பொருளுக்குச் சொல்லிவைத்தவர் யாரும் இல்லை. நோயாளியிடம் கேட்டாயிற்று, கேஸ் ஷீட்டில் எழுதியாயிற்று, கணினியிலும் ஏற்றியாயிற்று என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

தேடும் பெட்டிக்கு வருவோம். நம் மென்பொருள்களில் பெரும்பாலும் மூன்று எழுத்து தட்டினாலே பட்டியல் விழும். ஆங்கிலத்தில் எம், இ, டி என்று தட்டிப் பாருங்கள்: மெட்ஃபார்மின், மெட்டோபுரோலால், மெட்ரோனிடசோல், மெத்தோட்ரெக்சேட். சர்க்கரை, ரத்த அழுத்தம், கிருமித் தொற்று, அப்புறம் மூட்டு வாதத்துக்கு வாரம் ஒரு முறை மட்டும் தர வேண்டிய மருந்து. அந்தக் கடைசி மருந்தைத் தேர்ந்ததும் 'தினமும்' என்று தானாக நிரம்பினால் அது ஆளைக் கொல்லக்கூடிய திரை. வாதத்துக்கு எழுதும்போது 'வாரம் ஒரு முறை' என்பதே முதலில் நிற்கட்டும் என்று அமெரிக்காவின் ஐ.எஸ்.எம்.பி. என்ற மருந்துப் பாதுகாப்பு நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. இங்கே அதைச் செய்ய சட்டமோ பணமோ தேவையில்லை, ஒரு அமைப்பை மாற்றினால் போதும்.

எழுத்து எண்ணிக்கை சின்ன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். 2017இல் நாஷ்வில் நகரில் ஒரு பெரிய மருத்துவமனையில் நர்ஸ் ஒருவர் பதற்றம் தணிக்கும் மிடசோலம் மருந்தை அதன் வணிகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டி அலமாரி இயந்திரத்தில் தேடினார். இயந்திரத்தில் அந்த மருந்து மூலப் பெயரில் இருந்தது. அதே இரண்டு எழுத்தில் தொடங்கும் வெக்யூரோனியம், அதாவது தசைகளைச் செயலிழக்க வைத்து மூச்சை நிறுத்தும் மருந்து, கைக்கு வந்தது. நோயாளி இறந்தார். 2022இல் அந்த நர்சுக்குக் குற்றவியல் தண்டனை கிடைத்தது. பல எச்சரிக்கைகளை அவர் கவனிக்காமல் கடந்தது உண்மைதான். ஆனால் இரண்டு எழுத்துக்கே மருந்தை நீட்டுகிற பெட்டியை நீதிமன்றத்தில் யாரும் நிறுத்தவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகுதான் குறைந்தது ஐந்து எழுத்தாவது கேட்க வேண்டும் என்ற பரிந்துரை ஐ.எஸ்.எம்.பி.யின் பட்டியலில் ஏறியது.

வணிகப் பெயர் விஷயத்தில் நம் நிலைமை அவர்களுடையதைவிட மோசம். ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர்களும், ஒரே பெயரில் விற்கும் வேறு வேறு மருந்துகளும் நம் கடைகளில் சாதாரணம். மருந்துப் பெயர்க் குழப்பத்தில் மற்ற பொருள்களைவிடக் கண்டிப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001லேயே சொன்னது. இதற்கு மேல் பார்கோடு. அமெரிக்காவில் மருந்துகளின் மேல் பார்கோடு வேண்டும் என்ற விதி 2004இல் வந்தது. அதனால்தான் படுக்கை அருகே ஒவ்வொரு மாத்திரையையும் வைத்துப் பார்க்க முடிகிறது. பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் நடந்த ஆய்வில், இப்படிச் செய்தபோது மருந்து கொடுப்பதில் நேரம் தப்பியது நீங்கலான மற்ற தவறுகள் 11.5 விழுக்காட்டிலிருந்து 6.8 ஆகக் குறைந்தன. நம் நாட்டில் 2023 ஆகஸ்டு முதல் 300 வணிகப் பெயர்களுக்கு க்யூ.ஆர். குறியீடு கட்டாயம். நல்ல தொடக்கம், ஆனால் அது போலியைக் கண்டுபிடிப்பதற்காக வந்தது. வார்டில் சிஸ்டர் ஸ்ட்ரிப்பைக் கத்தரியால் வெட்டி நாலு மாத்திரையைக் கோப்பையில் போட்ட பிறகு அந்தக் குறியீடு எந்தத் துண்டில் இருக்கும்? அமெரிக்கப் பாடத்திட்டத்தில் இந்தக் கேள்வியே வராது. இங்கே ரெசிடென்ட் முதல் மாதத்திலேயே இதில் முட்டிக்கொள்வார். அவர் கண்டுபிடிக்கும் பதில் நமக்கு மட்டும் அல்ல, ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொடுக்கிற எல்லா நாட்டுக்கும் உதவும்.

தமிழ்நாட்டுக்காரன் என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். 1994இல் தொடங்கிய எங்கள் மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வாங்குவதையும் மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புவதையும் கணினியில் ஏற்றி, மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக் கொடுத்து ஒழுங்குபடுத்தியது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் ஊரில் அதைப் போலவே தொடங்கின. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அது கிடங்கு வரைக்கும்தான். கிடங்கில் எத்தனை மாத்திரை என்று சொல்கிற அமைப்பை நம் ஆட்கள் முப்பது ஆண்டுக்கு முன்பே கட்டினார்கள் என்றால், படுக்கையில் யாருக்கு எந்த அளவு, எதோடு சேர்த்து, ஏன் என்று கண்காணிக்கிற அமைப்பையும் கட்ட முடியும். அந்தப் பாதிக்கு மருத்துவமனை மருந்தாளுநர் தேவை.

ஒன்றிய அரசின் பக்கமும் வேலை குவிகிறது. 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் வந்தது. நோயாளியின் மருந்துச் சீட்டு ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். அதற்கு இரண்டு இடத்திலும் ஒரே மருந்துக்கு ஒரே குறியீடு வேண்டும். புனேயில் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு நிறுவனத்தில் உள்ள தேசிய மையம் இந்தியாவுக்கான பொது மருந்துக் குறியீடுகளை வெளியிட்டிருக்கிறது. நல்ல வேலை. ஆனால் ஒவ்வொரு மருத்துவமனையின் மருந்துப் பட்டியலையும் அந்தக் குறியீட்டோடு வரிவரியாகப் பொருத்துவது யார்? நான் பார்த்த மாஸ்டர் பட்டியல்களில் ஒரே மாத்திரை ஸ்பெல்லிங் மாறி, இடைவெளி மாறி, 'புதுசு' என்று ஒட்டிக்கொண்டு பல இடத்தில் இருக்கும். எது எதோடு ஒன்று, எது வேறு என்று சொல்ல மருந்து படித்த கண் வேண்டும். பில்லிங் கவுண்டர் ஊழியரிடம் இதைத் தள்ளிவிடுகிற மருத்துவமனைகள் உண்டு. பாவம், அவர் என்ன செய்வார்?

செயற்கை நுண்ணறிவு வந்து இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சும் வருகிறது. அழுக்கான பட்டியலைத் தின்கிற எந்த நுண்ணறிவும் அழுக்கைத்தான் திருப்பித் தரும். அதற்கு மேல் அந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

இப்போது உங்கள் பாடத்திட்டம். பி.ஃபார்ம். இரண்டாம் பருவத்தில் கணினி பற்றி ஒரு தாள் இருக்கிறது. ஈரடிமானம், எண்ணடிமானம் என்று எண் முறைகளில் தொடங்கி இணைய மொழிகள் வழியாக உயிரித் தகவலியல் வரை ஓடும். எட்டை அடியாகக் கொண்ட எண்ணைப் பத்துக்கு மாற்றத் தெரிந்த மருந்தாளுநர் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை மூடப்பட்டுவிடுகின்றன என்று 2006இல் வந்த ஆய்வுத் தொகுப்பை வகுப்பில் கேள்விப்பட்டவர் யாரையும் தெரியாது. அந்தத் தாளை மாற்றி எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. மாற்றினாலும் இந்த வேலை வகுப்பில் வராது. ஓர் ஆர்டரை மருத்துவரின் விசைப்பலகையிலிருந்து நோயாளியின் வாய் வரை பின்தொடர்ந்து போனால்தான் அது எங்கே தடம் மாறுகிறது என்று தெரியும். அதற்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும், ஒரு வருடமாவது இருக்க வேண்டும்.

உங்கள் 2008 ஃபார்ம்.டி. விதிமுறையிலேயே இதற்கு விதை இருக்கிறது. ஆறாம் ஆண்டை இன்டர்ன்ஷிப் அல்லது ரெசிடென்சி பயிற்சி என்றே அதில் எழுதியிருக்கிறீர்கள்: பொது மருத்துவத்தில் ஆறு மாதம், வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். கல்லூரியோடு குறைந்தது 300 படுக்கை உள்ள மருத்துவமனை இருக்க வேண்டும் என்றும் விதி வைத்தீர்கள். ஆக, இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். புதிதாகக் கட்டடம் கட்டச் சொல்லவில்லை.

நான் நினைக்கிற ஏழாம் ஆண்டு இப்படி. ஃபார்ம்.டி. முடித்து, குறைந்தது ஓராண்டு வார்டில் மருந்தாளுநராக வேலை பார்த்தவர்தான் சேரலாம். இதில் நான் பிடிவாதக்காரன். நம் இன்டர்ன்ஷிப் பல இடங்களில் அமெரிக்க முதலாண்டுக்கு ஈடாக நடப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். வார்டு தெரியாத ஆளைத் திரை முன் உட்கார வைத்தால் இன்னொரு 40 கிலோ விதி பிறக்கும். முதல் மூன்று மாதம் அவர் எதையும் மாற்றக்கூடாது. மருந்துச் சுற்றில் சிஸ்டரோடு நடக்கட்டும், மருந்து கேட்டு வார்டு அனுப்பும் இன்டென்ட் எப்படிப் போகிறது, வார்டு ஸ்டோரில் என்ன தேங்குகிறது, டியூட்டி டாக்டர் அவசரத்தில் எந்தப் பெட்டியை வெறுமையாக விடுகிறார் என்று பார்க்கட்டும். பிறகு மருந்துப் பட்டியலைச் சுத்தம் செய்வது, பொதுக் குறியீட்டோடு பொருத்துவது. அதன் பிறகுதான் எச்சரிக்கைகளும் ஆர்டர் தொகுப்புகளும். தான் செய்த மாற்றத்தால் தவறு குறைந்ததா கூடியதா என்று அளந்து காட்டுவது கடைசிக் கட்டம். கூடியிருந்தால் அதையும் எழுதட்டும்; பிட்ஸ்பர்க்காரர்கள் தங்கள் சொந்த மருத்துவமனையின் எண்ணைத்தான் உலகுக்குச் சொன்னார்கள்.

கணினி படுத்துவிடும் நாளுக்கான பயிற்சியும் கட்டாயம் வேண்டும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கி, நாள்கணக்கில் எல்லாம் கையால் நடந்தது. நாட்டின் தலையாய மருத்துவமனைக்கே அந்த நிலை என்றால் மாவட்ட மருத்துவமனையில் அன்று காலை மருந்துச் சுற்று எந்தக் காகிதத்தைப் பார்த்து நடக்கும்? முந்தைய நள்ளிரவு வரையான மருந்துப் பட்டியலை வார்டு வாரியாக அச்சடித்து வைக்கும் பழக்கம் இருந்தால்கூடப் பாதிச் சிக்கல் தீரும். இப்படிப்பட்ட சாதாரணக் காரியங்களை யோசித்துச் செய்து வைப்பதற்கும் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

உதவித்தொகை பற்றிச் சுருக்கமாக: ஃபார்ம்.டி. இன்டர்ன்களுக்குப் பல கல்லூரிகளில் ஒரு ரூபாய்கூடக் கிடைப்பதில்லை. இந்த ரெசிடென்சியும் அப்படி ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள், அல்லது யாருமே வரமாட்டார்கள். மருத்துவமனை கொடுக்கட்டும். அவரால் மருந்து வீணாவது குறையும், தவறால் நீளும் அனுமதி நாட்கள் குறையும். கணக்குப் பார்க்கத் தெரிந்த நிர்வாகிக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு பயம் உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் இதை ஏற்றுக்கொண்டாலும், ஆறே மாதத்தில் நூறு கல்லூரிகள் 'பார்மசி இன்ஃபர்மேடிக்ஸ் டிப்ளமோ' என்று ஆன்லைனில் விற்கத் தொடங்கிவிடும். வார இறுதி வகுப்பு, பல்விடைத் தேர்வு, பளபளப்பான சான்றிதழ். அதற்கு இந்தப் பயிற்சி இல்லாமலே இருக்கலாம். நோயாளிகளின் பதிவேடு உண்மையாகவே கணினியில் ஓடுகிற, வழிகாட்டுவதற்கு இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற ஒரு மருந்தாளுநர் உள்ள மருத்துவமனைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இப்போதைக்கு அப்படிப்பட்ட இடங்கள் நாட்டில் கொஞ்சம்தான் தேறும். தேறட்டும். ஓர் இடத்துக்கு ஒருவர் அல்லது இருவர் போதும். அவர்கள் வெளியே வந்து அடுத்த ஊரில் வழிகாட்டிகளாக நிற்பார்கள்.

மருந்தாளுநர் என்றால் பில் போட்டு ஸ்ட்ரிப்பை நீட்டுகிறவர் என்று நினைக்கிற நிர்வாகங்களோடு நாங்கள் தினமும் மல்லுக்கட்டுகிறோம். திரையை அமைக்கும் கூட்டத்துக்கு எங்களை அழைப்பதில்லை. ஐடி ஆட்களும் கணக்குத் துறையும் வெண்டரும் உட்கார்ந்து முடித்துவிட்டு, கோ-லைவ் அன்று, அதாவது மென்பொருள் ஓடத் தொடங்கும் நாளில், காலையில் எங்களிடம் கடவுச்சொல் கொடுப்பார்கள். ஒருமுறை வெண்டர் பையன் என்னிடம் கேட்டான், "சார், டோஸ் பெட்டியைக் கட்டாயமா வைக்கவா, வேணாமா? டாக்டர்ஸ் கோபப்படுறாங்க." கேட்டானே என்று சந்தோஷப்பட்டேன், ஏனென்றால் பெரும்பாலும் கேட்பதில்லை. உங்கள் பெயரில் ஒரு பயிற்சியும் பதவியும் இருந்தால், அந்தக் கேள்வி கூட்டத்தின் தொடக்கத்திலேயே, கேட்க வேண்டியவரிடம் கேட்கப்படும்.

1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 10ஆவது பிரிவு கல்வி விதிமுறைகள் வகுக்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தந்திருக்கிறது. முழு விதிமுறை வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆறாம் ஆண்டின் அந்த மூன்று இரண்டு மாதப் பிரிவுகளில் ஒன்றை, தகுதியுள்ள மருத்துவமனைகளில், இந்தத் துறைக்கு விருப்பப் பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம். ஏழாம் ஆண்டுக்கான வரைவை எழுத ஒரு சிறு குழு அமையுங்கள். அதில் பேராசிரியர்களோடு, மருத்துவமனையில் இந்த வேலையை இப்போது செய்துகொண்டிருக்கும் மருந்தாளுநர்களும் ஒரு ஸ்டாஃப் நர்சும் இருக்கட்டும். நர்சை விட்டுவிட வேண்டாம். அந்த 38½ மாத்திரையைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த கல்விக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா என்பதை மட்டும் தெரிவித்தால் போதும். சேர்ப்பதாக இருந்தால், நாங்கள் சிலர் சேர்ந்து தயாரித்து வைத்திருக்கும் 12 மாதப் பயிற்சி வரைவை உடனே அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவமனை மருந்தாளுநர்,
மதுரை.